சாருமதியின் பங்கு

காலையில் எழுந்ததும் நவநீதன் செய்யும் முதல் வேலை, மேலண்ணத்தில் ஒட்டியிருக்கும் சுவைத்தகட்டை நகத்தால் நெம்பி எடுத்து உப்புநீரில் போடுவது. பல் தேய்த்து வாய் கொப்பளிப்பதற்குள் அது சுத்தமாகிவிடும். எடுத்து மறுபடி ஒட்டிக்கொள்வார். கால் மணி நேரத்துக்கு மேல் அது வாய்க்கு வெளியே இருக்கக் கூடாது. நாஹா என்ற அயல்நாட்டுத் தீவு நகரத்து விடுதியில், அறுபத்து மூன்றாம் வயதில், அன்றும் அதைத்தான் செய்தார்.

காலை உணவாக வெறுமாவுக் கட்டி இரண்டு வந்தன. திரையில் இட்லியும் தக்காளிச் சட்னியும் என்று தொட்டு, புளிப்பைப் பாதியாகக் குறைத்தார். கரும்பையும் நெல்லையும் கடல் கொண்டுபோன பிறகு உலகம் முழுக்க எல்லோர் தட்டிலும் இந்த மணமற்ற கட்டிதான். சுவை தகட்டிலிருந்து வருகிறது. சமையல் என்றால் இப்போது சுவைகளைக் கோப்பது. மனைவி சாருமதியோடு வாழ்ந்த இருபத்தாறு வருடமும் வீட்டில் அந்த வேலை அவருடையது.

அவர் தகட்டின் ஓரத்தில் மெல்லிய கருவளையம் ஒன்று உண்டு. இறந்தவரின் தகடு என்பதற்கு அது அடையாளம். வருடக்கணக்கில் ஒரு வாயிலேயே கிடக்கும் தகடு அந்த நாக்கைப் படித்துவிடுகிறது. எது உறைக்கும், எது குமட்டும், எதற்கு எச்சில் ஊறும் என்பதெல்லாம் அதில் பதிந்திருக்கும். விரும்பினால் வாரிசு ஒருவர் அணிந்துகொள்ளலாம். நகலெடுக்க முடியாது. கால் மணி நேரம் வாயைப் பிரிந்தால் பதிவு அழிந்துவிடும்.

சாருமதியின் மூச்சு நின்றதுமே அவள் தகட்டை எடுத்து ஒட்டிக்கொண்டவர், நான்காம் நாள் தான் கோத்த ரசத்தை ஒரு வாய் குடித்தார். பல் கூசியது. அவள் நாக்குக்கு அவருடைய புளி அவ்வளவு அதிகம். இருபத்தாறு வருடம் அதைக் குடித்துவிட்டு, “நல்லாத்தானுங்க இருக்குது” என்றே சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து மூன்று வருடமாக அவர் அவளுக்குப் பிடித்த மாதிரியே கோத்து, அவள் நாக்காலேயே சாப்பிட்டு வருகிறார். அவருடைய சொந்தத் தகடு பொள்ளாச்சி வீட்டு மேசை டிராயரில் கிடக்கிறது.

அந்த நாக்கில் ஒரே ஒரு குறை. தகடுகள் வருவதற்கு முன்பு, கல்யாணத்துக்கும் முன்பு, சாருமதி இந்தத் தீவில் கடற்சுவர் கட்டும் பொறியாளராக இரண்டு வருடம் இருந்தாள். ஷூரி மேட்டில் ஒரு பழைய இனிப்புக் கடை; அங்கே குன்பென் என்றொரு பண்டம். “எதை வேணும்னாலும் கோத்துருவீங்க. அது மட்டும் உங்களால ஆகாதுங்க” என்று சீண்டுவாள். அந்தச் சுவை தகட்டில் இல்லை. அதைத் தேடித்தான் வந்திருந்தார்.

கடைக்கு வயது இருநூறுக்கு மேல். மேட்டுக்குக் கீழே நேராகக் கடல். வாசலில் நாற்பது பேர் வரிசை. மேட்டில் மிச்சமிருக்கும் நாலு வயல் கரும்பில் இவர்களுக்குச் சர்க்கரை வருகிறது. வந்தவர்களில் பெரும்பாலோர் பெட்டி பெட்டியாக வாங்கிப் போனார்கள்.

கல்லாவில் அராகாகி என்ற பெண் இருந்தாள். நாற்பது வயதிருக்கும், கை முழுக்க மாவு. அவள் பேசியதை நவநீதன் செவியில் செருகியிருந்த மொழிக்காது கொங்குத் தமிழில் பெயர்த்துச் சொன்னது. மகள் விளையாட்டாக அப்படி வைத்து அனுப்பியிருந்தாள்.

“வாங்க வாங்க. ஊட்டுக்குக் கட்டிக் குடுக்கறதுங்களா, இங்கயே சாப்படறதுங்களா?”

நவநீதனுக்குச் சிரிப்பு வந்தது. “இங்கேயேதானுங்க.”

“அப்ப தகட்டக் கழட்டிருங்க. அதோட தின்னா மணலத் தின்ன மாதிரிதான் இருக்கும். அப்பறம் கடைய வையாதீங்க.”

அவர் அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார். கழற்ற வேண்டும், இரண்டு கடி கடிக்க வேண்டும், உடனே ஒட்டிக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிடம் போதும். அவள் நீட்டிய பீங்கான் கிண்ணத்து நீரில் தகட்டை இட்டார். கடிகாரத்தைப் பார்த்தார், பதினொன்று பத்து.

அராகாகி கிண்ணத்தையே பார்த்தாள். கருவளையத்தைக் கண்டுகொண்டாள்.

“யாருதுங்க?”

“என் மனைவியோடது.”

அவள் அவரைப் பின்னறைக்குக் கூட்டிப் போனாள். சுவரோரம் ஒரு சிறிய வழிபாட்டு மாடம். அதன்முன் வட்டமான, பழுப்பு நிறப் பண்டம் ஒன்றைத் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். நவநீதன் கை நீட்டினார்.

“அட, பொறுங்க! எலவு ஊட்டுக்காரரு நீங்களே மொதல்ல கை வெச்சா எப்புடீங்க?”

நீட்டிய கை அப்படியே நின்றது. அவள் தட்டையான ஊதுபத்தி ஒன்றைப் பற்றவைத்தாள்.

“குன்பென் செத்தவங்களுக்குன்னு செய்யறதுங்க. மொதல்ல அவங்க சாப்படோணும். பத்தி அணைஞ்சதீம் ‘எடுத்துக்கறோமுங்க’ன்னு கேட்டுப்போட்டு நாம சாப்படறது. உசண்டேன்னு சொல்லுவோம்.” அந்த ஒரு சொல்லை மட்டும் மொழிக்காது தமிழாக்காமல் விட்டது.

“பத்தி அணைய எவ்வளவு நேரம் ஆகும்?”

“அரை மணி நேரம் ஆகுமுங்க.”

“அதுக்குள்ள தகடு செத்துரும்.”

“தெரியுமுங்க.” அவள் எதிரே உட்கார்ந்தாள். “கட்டாயமில்லீங்க. கட்டித் தந்தர்றேன், கொண்டுபோய் உங்க தோதுக்குத் தின்னுக்கலாம். ஒண்ணு கேக்கட்டுங்களா? இதப் போட்டுட்டு எத்தன வருசமாச்சு?”

“மூணு வருசம்.”

“மூணு வருசமா அவங்க பங்கையும் நீங்களே சாப்புட்டுட்டு இருக்கறீங்க. அவங்க எதைச் சாப்படுவாங்க?”

நவநீதனுக்குச் சுருக்கென்றது. அவள் என்ன தெரிந்து பேசுகிறாள் என்று கோபம்கூட வந்தது. எழுந்து முன்கடைக்குப் போனார். கிண்ணத்துத் தண்ணீரில் தகடு ஒரு மீன் செதிலைப் போலக் கிடந்தது. பதினொன்று இருபது. இன்னும் ஐந்து நிமிடம். விரலை நீருக்குள் விட்டார்.

சாருமதி என்ன சாப்பிட விரும்பினாள் என்று அந்த இருபத்தாறு வருடத்தில் ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா என்று யோசித்தார். புளி போதுமா என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ. உயிரோடு இருந்தபோது கேட்கவில்லை. போன பிறகு கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. அவள் நாக்குதான் இவர் வாயில் இருந்ததே.

விரலைத் துடைத்துக்கொண்டு பின்னறைக்குத் திரும்பினார். வரிசை நீள்கிறது என்று அராகாகி எழுந்து போனாள். அவர் தட்டின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பதினொன்று இருபத்தைந்துக்கு முன்கடையில் தகடு கிடந்த கிண்ணத்திலிருந்து கீச்சென்று ஒரே ஒரு ஒலி கேட்டது. அவர் எழவில்லை. பத்தி பாதிகூட எரிந்திருக்கவில்லை. புகை நேராக மேலே போய் உத்தரத்தடியில் வளைந்தது.

பத்தி அணைந்ததும், யாரும் சொல்லித்தராமலே, “எடுத்துக்கறேன் சாரு” என்றார்.

பண்டத்தின் மேலோடு வறண்டு உதிர்ந்தது. உள்ளே எள்ளும் நிலக்கடலையும் அரைத்த பூரணம். தகடே இல்லாமல் இத்தனை வருடம் கழித்து, இனிப்பு அவர் நாக்கில் மெதுவாக, கரடுமுரடாக வந்தது. அவ்வளவு பிரமாதமாக ஒன்றுமில்லை என்றே அவருக்குப் பட்டது. ஒரு துளி உப்பு கூடுதலாக இருந்திருக்கலாம். கடலையை இன்னும் கொஞ்சம் வறுத்திருக்கலாம். இதற்கா அத்தனை சீண்டல் என்று அவளிடம் வாதாட ஆசையாக இருந்தது.

பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எதிரேயிருந்த வெற்றுப் பாயைப் பார்த்தார்.

“எனக்கு உப்புக் கம்மியாத் தெரியுது. உனக்கு எப்படி சாரு இருந்துச்சு?”

கேட்டுவிட்டு, அவள் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.