ஊமைக் கட்டை

கடற்கரைப் பக்கம் துய்மா வீதியில் இருந்த பழைய வீட்டின் சாவியை, அதைப் பார்த்துக்கொள்ளும் நிர்மலாதேவி அக்கா என் கையில் வைத்தார்.

"வாரத்துல மூணு நாள் தூசி தட்டு கவிநிலா. ஜன்னலத் தொறந்து வை. வீட்டுக்காரங்க பிரான்ஸ்ல இருந்து எப்ப வருவாங்கன்னு தெரியாது. அந்தப் பெட்டிய மட்டும் நோண்டாத."

பெட்டி என்றால் பியானோ.

நான் பத்தாவதோடு நின்றவள். சாரம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் பகலில் யாரும் இருக்க மாட்டார்கள். அம்மாவும் அப்பாவும் சேதராப்பட்டு கம்பெனிக்குப் போய்விடுவார்கள். இரண்டு வீட்டிலும் எனக்குப் பேச்சுத் துணை இல்லை. அதனால் நோண்டினேன்.

நடுவில் ஒரு கட்டை மட்டும் ஊமை. ச-விலிருந்து எண்ணினால் ம. அழுத்தினால் தூசி வாசனைதான் வரும். மோகன ராகத்துக்கு ம தேவையில்லை. ச ரி க ப த போதும். அதில்தான் ஒரு பாட்டுக்கு மெட்டுப் போட்டேன். சர்ச் பாட்டுக் குழுவின் தேவதாஸ் அண்ணன், நன்றாக வந்தால் ஞாயிற்றுக்கிழமை என் பேர் சொல்லிப் பாடுவதாகச் சொல்லியிருந்தார். அதுவரை என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை.

மூன்றாம் நாள், மத்தியானம். உப்புக் காற்றில் ஜன்னல் கதவு முனகிக்கொண்டிருந்தது. வாசித்தபடியே பாடினேன். க-விலிருந்து ப-வுக்குப் போனேன்.

நடுவில் ஒரு ம கேட்டது.

கட்டையிலிருந்து அல்ல. யாரோ வாயை மூடிக்கொண்டு முனகியதுபோல. கூடவே ஈரத் தலைமுடி வாசனை.

ஓடியிருக்க வேண்டும். ஆனால் அந்த இடத்தில் அது அழகாக இருந்தது. யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுபோல. நோட்டில் எழுதிக்கொண்டேன். பாடி செல்போனில் பதிவு செய்து அனுப்பினேன்.

தேவதாஸ் அண்ணன் உடனே கூப்பிட்டார்.

"சூப்பரா இருக்கு பாப்பா. ஆனா நடுவுல ஒரு ம போட்டுருக்க. மோகனத்துக்கு அது அந்நிய சுரம்."

"எடுத்துடவாண்ணா?"

"வேணாம், இருக்கட்டும். ஆனா அது விருந்தாளி. வந்தமா, காபி குடிச்சமா, கெளம்பனமான்னு இருக்கணும். அதுல போயி நின்னுடாத. நின்னா வூடு அதோடதா ஆயிடும்." சிரித்தார்.

சனிக்கிழமை பாட்டை முடிக்க உட்கார்ந்தேன். கடைசி வரி ச-வில் இறங்க வேண்டும். ம வந்தது. பக்கத்திலேயே இருந்தது. இறங்கினால் பாட்டு முடிந்துவிடும். கதவைப் பூட்டிக்கொண்டு போய் ஒருத்திக்கு மட்டும் சோறு போட்டுக்கொள்ள வேண்டும்.

இன்றைக்கு மட்டும் என்று நினைத்தேன்.

ம-வில் நின்றேன்.

அதுவும் என்னோடு நின்றது. என் மூச்சு தீர்ந்தது. அதற்குத் தீரவில்லை.

பயந்துபோய் ச-வை அழுத்தினேன்.

சத்தம் இல்லை.

மறுபடி அழுத்தினேன். தூசி வாசனை.

ஊமைக் கட்டையைத் தொட்டேன். மணி அடித்ததுபோல ம ஒலித்தது.

ஜன்னலோரம் வைத்திருந்த செல்போன் அதிர்ந்தது. எழுந்து போய் எடுத்தேன். தேவதாஸ் அண்ணன்.

"முடிச்சிட்டேண்ணா," என்றேன்.



"யாருங்க பேசறது?"

"நான்தாண்ணா. கவிநிலா."

"வெளையாடாதீங்கம்மா. கவிநிலாகிட்ட போனக் குடுங்க."

எனக்குப் பின்னால், பியானோ பக்கத்திலிருந்து, என் குரல் பதில் சொன்னது.

"தோ வந்துட்டேண்ணா."