புறவாசலில் தூங்காதது

எட்டு மாதமாக வாயே திறக்காத மிளகு ஸ்டோர், அன்று பின்னேரம் அஸர் தொழுது எழுந்த கையோடு பேசியது. ஸுலைஹாவின் போன் ஒருமுறை அதிர்ந்து, ‘ஸ்டோர் ஈரப்பதம் 71’ என்று காட்டியது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. நளீம் இருந்திருந்தால் வீடே இரண்டாகும்படி கூப்பிட்டுக் காட்டியிருப்பான்.

இரத்தோட்டையில் மற்ற ஆண்கள் கிரிக்கெட் பார்த்தால் அவள் புருஷன் நளீம் சுவரைப் பார்ப்பான். எந்தச் சுவர் தடிப்பு, எதைத் தாண்டி சிக்னல் போகும், எங்கே சாகும் என்பதே அவனுடைய பேச்சு. கதவுகளுக்கும் அறைகளுக்கும் சென்சர் வாங்கி ஒட்டி, எல்லாவற்றையும் ஹோலில் இருக்கும் ஹப் என்ற வெள்ளைப் பெட்டியோடு கட்டிப்போட்டான். “பெட்ரில ஓடுறதெல்லாம் செல்ல வேண்டியத செல்லிட்டுத் தூங்கிரும் ஸுலைஹா. கரண்ட்ல குத்தினது மட்டுந்தான் தூங்காது. தூங்காததுதான் மத்ததுட பேச்ச வாங்கி ஹப்புக்குக் குடுக்கும்” என்று சோறு பிசைந்தபடியே பாடம் நடத்துவான்.

ஸ்டோரில் ஒட்டிய சென்சர் மட்டும் ஹப்பை எட்டாமல், அவனுக்குப் பிடிகொடுக்கவில்லை. சமையலறைக்கும் ஸ்டோருக்கும் நடுவில் நீளமான, கூரை போட்ட புறவாசல். இரண்டு பக்கமும் கருங்கல் சுவர். அந்த இடத்தில் தூங்காத ஒன்று நின்றால் போதும் என்று கடைசியாக ஒரு ஸ்மார்ட் பிளக் வாங்கி வந்தான். மறுநாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். உயிர் போன அவனுடைய உடலை, மையித்தை, குளிப்பாட்டியதும் அதே புறவாசலில்தான்.

அதற்குப் பிறகு ஸுலைஹா, அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் விதவை வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருந்தாள். மிளகு காயப்போடும் ஆட்கள் விடியலிலிருந்து பின்னால் நடமாடுவதால் நாற்பத்தொரு நாளாக அவள் சமையலறைப் படியைத் தாண்டியதில்லை. விழுந்த அன்று காலையிலேயே பிளக்கைக் குத்தியிருப்பான், ஹப்போடு சேர்த்துவிடத்தான் நேரமில்லாமல் போனது என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். அவன் விட்டுப்போன வேலையை முடிக்க வேண்டும் என்ற ஆசை. அன்று பகல் லுஹர் தொழுகைக்குப் பின் ‘புதிய கருவியைச் சேர்’ என்பதை அழுத்தினாள். நளீம் அரை மணி நேரம் மல்லுக்கட்டும் வேலை. இரண்டே விநாடியில் ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது. அதற்குப் பெயர் இல்லை.

உள்ளறையில் நாலு வயது நுஸ்லா தூங்கிக்கொண்டிருந்தாள். வாப்பா போனதிலிருந்து மணிக்கொரு தரம் திடுக்கிட்டு எழும் பிள்ளை. இன்றுதான் அடித்துப்போட்டாற்போல் கிடக்கிறாள். அந்தத் தூக்கம் கலையக் கூடாது என்று போனின் சத்தத்தைக் குறைத்துவிட்டு ஸுலைஹா ஹோலில் உட்கார்ந்தாள்.

மழை பிடித்தது. தகரத்தில் விழும் சத்தத்தோடு, ஈர மிளகின் காரம் சமையலறை வழியாக வந்தது. பெயரில்லாததன் பக்கத்தில் சிக்னல் எண் 34 என்றிருந்தது. ஹப்புக்கு எவ்வளவு கிட்டவோ எண் அவ்வளவு ஏறும், உச்சம் 255 என்று நளீம் சொல்லியிருக்கிறான். அவள் கறிக்கு உள்ளி உரித்துவிட்டு வந்து பார்த்தபோது 90. கை துடைப்பதற்குள் 121.

சுவரில் குத்தியிருப்பது எப்படிக் கிட்ட வரும்?

பலாபத்வலையில் கடை வைத்திருக்கும் அண்ணன் ஜிப்ரிக்கு எடுத்தாள்.

“நானா, பொறவாசல்ல அவர் பிளக் ஒன்டு போட்டீக்காரா?”

“அங்க சொக்கட்டே இல்லியே தங்கச்சி. மையித்து குளிப்பாட்டக்குள்ள ஒரு பல்ப் போட வழியில்லாம நான்தானே ஹோல்ல இருந்து வயர் இழுத்தேன். பிளக் அலுமாரிக்குள்ள ஈக்கும், பாரு.”

பார்த்தாள். பெட்டி இருந்தது. ஒட்டிய டேப் கூடப் பிரிக்கப்படவில்லை. போனை மறுபடி காதில் வைத்தாள்.

“நானா, இப்பவே வாங்க.”

“என்ன நடந்த? மழ அடிச்சி ஊத்துது. மஃரிப் தொழுதிட்டு உடனே வாறன், பயப்புட வாணாம்.”

கரண்ட் போனது.

எது எதனோடு பேசுகிறது என்று கோடு போட்டுக் காட்டும் போனின் வரைபடத்தில் ஹோல் பிளக் மங்கியது. சமையலறை பிளக் மங்கியது. நளீம் வைத்த பெட்ரியில் ஹப் மட்டும் சின்னப் பச்சைக் கண்ணோடு எரிந்தது. கரண்டில் நின்றதெல்லாம் செத்துவிட்டது. தூங்காதது என்று இனி வீட்டில் எதுவுமே இருக்கக் கூடாது.

பெயரில்லாதது நின்றது.

சமையலறைக் கதவின் கோடு மெல்லத் திரும்பி அதோடு சேர்ந்தது. குளியலறையின் கோடும். ஜன்னல்களும். ‘நீக்கு’ என்று அழுத்தினாள். ‘நீக்க முடியவில்லை’. மீண்டும் அழுத்தினாள். 198. மிளகின் காரத்துக்குள் இன்னொரு மணம் வந்தது. கற்பூரம். மையித்தின் கடைசித் தண்ணீரில் கரைத்த கற்பூரம்.

“நீங்களா?” என்றாள். கேட்கும்போதே தெரிந்தது, நளீம் அவளை இப்படிப் பயமுறுத்தியதே இல்லை.

230.

நுஸ்லாவின் அறைக் கோடும் திரும்பியது.

ஓடினாள். மேசையில் இடுப்பு இடித்தது. கதவு திறந்தே கிடந்தது. ஜன்னலின் சாம்பல் வெளிச்சத்தில் பிள்ளை கட்டிலில் நேராக உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. வாரி எடுத்தாள். தலைமயிர் சொட்டச் சொட்ட நனைந்து, கற்பூரம் மணத்தது.

“மகள், உம்மாவப் பாருங்க. மகள்!”

“ஸ்டோர் எழுவத்தி நாலு” என்றாள் நுஸ்லா.

கையிலிருந்த போன் அதிர்ந்தது. ‘ஸ்டோர் ஈரப்பதம் 74.’

“குசினிக் கதவு தொறந்தீக்குது.”

போன் அதிர்ந்தது. ‘சமையலறைக் கதவு திறந்துள்ளது.’

“வாணாம் மகள். பேச வாணாம். தூங்குங்க. உம்மா ஈக்கிறேன்.” மகளின் கண்களை உள்ளங்கையால் மூடினாள். இமைகள் மூடவில்லை. கைக்கு அடியில் அவை அசையாமல் விறைத்திருந்தன. யா அல்லாஹ், யா அல்லாஹ் என்பதைத் தவிர அவளுக்கு வேறெதுவும் வரவில்லை.

வரைபடத்தில் இப்போது பெயரில்லாதவை இரண்டு. ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றன. இரண்டுக்கும் 255.

“உம்மா” என்றாள் நுஸ்லா, தன் சொந்தக் குரலில், மிக மெதுவாக. “இனி எனக்குத் தூங்க ஏலா.”

பிறகு, உம்மாவின் தோளுக்குப் பின்னால் பார்த்தபடி, அடுத்ததைச் சொன்னாள்.

“இந்த அறக் கதவு மூடிட்டுது.”