செம்பு அண்டாவில் பொங்கிய நுரை

அப்பா பட்டு நூலைப் பிடித்து லேசாக இழுத்தார். அது அறுந்துபோனது.

"மயில்வாகனம்! என்னய்யா கலந்தே இதுல?"

பிள்ளையார்பாளையத்தில் அலமுவின் வீட்டுக் கொல்லையில்தான் பட்டு நூலை வெளுத்துச் சாயம் போடுவார்கள். மயில்வாகனம் மாமா அங்கே வேலை செய்பவர். அப்பா சென்னையிலிருந்து புது வெளுப்பு மருந்து வாங்கி வந்திருந்தார். முதலில் கொஞ்சம் நூலை மண்சட்டியில் போட்டுப் பார்த்தார்கள். மல்லிகைப்பூ மாதிரி வெளுத்தது. இன்று கல்யாணப் புடவைக்கான நூலை அண்டாவில் போட்டார்கள். மருந்து நுரைத்துப் பொங்கியது. நூல் இற்றுப்போனது.

"நீங்க சொன்ன அளவுதாண்ணா ஊத்துனேன்."

"அப்போ நூலு தானா இத்துப்போச்சா? நாளையிலருந்து வராதே!"

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தபடி போய்விட்டார்.

"அப்பா, மாமா அளக்கறப்போ நான் பாத்துக்கினு இருந்தேம்பா. சரியாத்தான் ஊத்தினாரு."

"நீ சும்மா இரு."

அலமுவால் சும்மா இருக்க முடியவில்லை. அடுப்படிக்குப் போனாள், வாசலுக்குப் போனாள், மறுபடி கொல்லைக்கு வந்தாள்.

"ஏண்டி, காலுல சக்கரம் கட்டிக்கினு இருக்கியா?" என்றாள் அம்மா.

அதே மருந்து. அதே நூல். அதே அளவு. அப்படியானால் எது மாறியது?

சட்டி! அன்றைக்கு மண்சட்டி, இன்றைக்குச் செம்பு அண்டா!

அவள் ஓடிப்போய் இரண்டு மண்சட்டிகளையும் ஒரு துண்டு பழைய செம்புக் கம்பியையும் கொண்டுவந்தாள்.

"அப்பா, ரெண்டுலயும் கொஞ்சம் மருந்து ஊத்துப்பா. ஒரே ஒரு தடவ!"

அப்பா முணுமுணுத்துக்கொண்டே கலந்து ஊற்றினார். அலமு ஒரு சட்டியில் கம்பியைப் போட்டாள். கம்பியைச் சுற்றிக் குமிழ்கள் கிளம்பின. நுரை சட்டியின் விளிம்புவரை ஏறியது. மற்ற சட்டி அமைதியாக இருந்தது.

"வெறும் கம்பி என்னம்மா பண்ணுது?" அப்பா குனிந்து பார்த்தார்.

"மருந்துல ரெண்டு ரெண்டு ஆக்சிஜன் கை கோத்துக்கினு இருக்குதுப்பா. செம்பு மாதிரி சில உலோகம் அதைத் தன்மேல புடிச்சி வெச்சி, கையப் பிரிச்சி வுட்டுடும். உடனே அடுத்ததைப் புடிக்கும். ஸ்கூலுல மேரி டீச்சர் சொன்னாங்க. எல்லாம் ஒரே நேரத்துல பிரிஞ்சா நூலு தாங்குமா?"

அப்பா கம்பியை வெளியே எடுத்துப் போட்டார். பிறகு சைக்கிளை எடுத்தார்.

"எங்கப்பா போறே?"

"மயில்வாகனம் வீட்டுக்கு. நீயும் ஏறு."

மாமா கதவைத் திறந்தார். அப்பா நேராகவே சொன்னார்: "தப்பு உன்மேல இல்லய்யா. அண்டா மேல. கோவத்துல பேசிட்டேன், மனசுல வெச்சிக்காதே."

மறுநாள் பெரிய மண் தொட்டியில் புது நூலை நனைத்தார்கள். நுரை வரவில்லை. உலர்ந்ததும் மாமா ஒரு முனையையும் அப்பா மறுமுனையையும் பிடித்துப் பலமாக இழுத்தார்கள்.

நூல் அறவில்லை. இழுத்த வேகத்தில் மாமாதான் வழுக்கி உட்கார்ந்தார். முதலில் சிரித்தவரும் அவரே.