ஒற்றைக்கால் அன்னம்

மானுட குலத்துக்கு ஓர் அறிவிப்பு. நெருப்பு, சக்கரம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக வைத்து எண்ணத் தகுந்த நிகழ்ச்சி ஒன்று, சென்ற மாதம் பதினான்காம் தேதி காலை பத்தரை மணிக்கு, காஞ்சிபுரம் பொன்னிழைப் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் மாடியில், சமோசா சகிதம் நடந்தேறியது. 'சர்வசாட்சி' என்னும் மென்பொருளின் நான்காம் பதிப்பு அன்றுதான் குத்துவிளக்கேற்றித் தொடங்கப்பட்டது. இனி சங்கத்தில் ஒரு நூல் நகர்ந்தாலும் அது அறியும் என்று செயலாளர் சீனிவாசன் முக்கால் மணி நேரம் பேசினார். மின்விசிறி மட்டும் தலையாட்டிக் கேட்டது.

அந்த விழாவின் பன்னிரண்டடி பேனர் சங்கத்து வாசலில் இன்னும் தொங்குகிறது. மென்பொருள் நிறுவனத் தலைவரின் மனைவிக்குச் செயலாளர் அரக்குப் பட்டுச்சேலை ஒன்றை விரித்துப் போர்த்துகிறார். அச்சடித்தவர் காந்தி ரோட்டில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் சிவராஜ். செயலாளரின் மூக்கிலுள்ள மருகூடத் துல்லியமாக விழுந்திருப்பதில் அவருக்குப் பெருமை.

சிவராஜுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. கைத்தறித் துறையில் முப்பது வருடம் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்ற ரேணுகாம்பாள், தினமும் அவர் கடையில்தான் பேப்பர் படிப்பார். போலி ஜரிகைக்காரர்கள் இரண்டு பேரை அந்த அம்மாள் பிடித்துக் கொடுத்த நாளிலிருந்து, சிவராஜ் தன்னை உதவித் துப்பறிவாளராக நியமித்துக்கொண்டுவிட்டார். 'ரேணுகாம்பாள், துப்பறியும் நிபுணர்' என்று கேட்காமலேயே நூறு விசிட்டிங் கார்டும் அடித்துக் கொடுத்தார். அம்மாள் அவற்றின் பின்பக்கத்தில் காய்கறிப் பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை காலை அந்தக் கடைக்கு அம்சவேணி வந்தாள். முசரவாக்கத்துக்காரி. சங்கத்தின் நாற்பத்தேழாம் நம்பர் தறி அவளுடையது. கையில் ஒரு நோட்டீஸ்.

"மேடம், என்னைத் திருடின்னு எழுதிக்கீறாங்க."

நோட்டீஸைச் சிவராஜ் உரக்கப் படித்தார். சங்கம் கொடுத்த பாவு நூலிலிருந்து நெய்த மூன்று சேலைகளில் இரண்டே சங்கத்துக்கு வந்தன. மூன்றாவதை இருபத்தோராம் தேதி காலை பத்து இருபதுக்கு அம்சவேணி தறியிலிருந்து அறுத்து, சங்கத்தில் ஒப்படைக்காமல் வெளியில் கொண்டுபோனதாகச் சர்வசாட்சி கண்டறிந்துள்ளது. நாளை பதினொரு மணிக்கு விசாரணை. பதில் திருப்தியாக இல்லையென்றால் உறுப்பினர் பெயர் நீக்கப்படும். தறியில் ஓடும் பாவும், டிசைனை ஓட்டும் ஜக்கார்டு பெட்டியும் பறிமுதல்.

"கொடுத்தியா, இல்லையா?" என்றார் ரேணுகாம்பாள்.

"பதினொண்ணாந்தேதியே செக்ரட்டரி கையில கொடுத்தேன் மேடம். 'சிஸ்டம் அப்டேட் ஆயிக்கினு இருக்குது, ரசீது அப்பறம் வாங்கிக்கோ'ன்னாரு. அடுத்த நாளே புதுப் பாவும் கொடுத்தாங்க. அப்பறம் ரசீது கேக்கப் போனா, எந்தச் சேலைன்றாரு."

"யாராவது பாத்தாங்களா?"

"அவரு பாத்தாரு, நான் பாத்தேன். சேலையப் பாத்துட்டு, அன்னத்துக்கு ஒரு காலு இல்லன்னு திட்டக்கூட செஞ்சாரு. நான் இன்னா பண்றது? ஜக்கார்டு பெட்டியில ஓடுற டிசைன் அட்டையில ஓட்டை அடைஞ்சு போய்க்கீது. அந்த இடத்துல இழை எழும்ப மாட்டேங்குது. மூணு சேலையிலயும் அப்படித்தான் வந்துச்சு. அட்டைய மாத்துங்கன்னு நாலு தபா எழுதிக் கொடுத்துட்டேன்."

"அந்த அட்டை வேற தறியில ஓடுதா?"

"இல்ல மேடம். என்னுதுல மட்டுந்தான்."

ரேணுகாம்பாள் நோட்டீஸோடு இணைத்திருந்த பதிவுகளைப் புரட்டினார். தினமும் எவ்வளவு நெய்தாள் என்று நாளுக்கொரு வரி. இருபத்தோராம் தேதிக்கு எதிரே மட்டும் நெசவுக் கணக்கு இல்லை. 'சேலை அறுக்கப்பட்டது' என்ற ஒரே வரி. சுவரில் தொங்கிய காலண்டரை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"சிவராஜ், விழாப் படத்தோட ஒரிஜினல் வச்சிருக்கியா?"

"இருக்குது மேடம். மரு வரைக்கும் தெரியும்."

"மரு வேணாம். முந்தானைய மட்டும் பெருசாக்கி ஒரு பிரிண்ட் போடு."

எதற்கு என்று புரியாவிட்டாலும், புரிந்த முகத்தோடு சிவராஜ் அச்சடித்தார்.

மறுநாள் சங்கத்து மாடியில் நான்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அம்சவேணிக்கு நாற்காலி இல்லை. தென்னேரியில் கட்சி வேலை பார்த்து, அந்த வழியாகவே பட்டுக்கு வந்து சேர்ந்த செயலாளர் சீனிவாசன் நடுவில். ஒரு பக்கம் ஸ்டோர் பொறுப்பாளர் மஹாலட்சுமி. மறுபக்கம், மடிக்கணினியோடு சென்னையிலிருந்து வந்திருந்த மென்பொருள் பொறியாளர் குரு. நான்காவது நாற்காலியில் ரேணுகாம்பாள் உட்கார்ந்தார். சிவராஜ் கதவருகே நின்றுகொண்டார். குற்றவாளி தப்பி ஓடினால் பிடிக்க வேண்டுமே.

"இந்தப் புது வெர்ஷன்ல அப்படி என்னப்பா விசேஷம்? எனக்கும் கொஞ்சம் சொல்லேன்" என்றார் ரேணுகாம்பாள்.

குருவின் முகம் மலர்ந்தது. இத்தனை நாளில் யாரும் அவனை இப்படிக் கேட்டதில்லை.

"பழைய வெர்ஷன் ஒவ்வொரு சேலையையும் தனித்தனியா ஃபாலோ பண்ணும் மேடம். என்ட்ரி ஆகலைன்னா அப்படி ஒரு சேலையே கிடையாது. இப்ப பாவு, சேலை, தறி, நெசவாளர்னு எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணு கோத்துப் பாக்கும். ஒரு பாவுக்கு மூணு சேலைன்னு அதுக்குத் தெரியும். ரெண்டுதான் வந்திருந்தா, மூணாவது எங்கேன்னு கேக்கும்."

"யாரைக் கேக்கும்?"

"செயலாளரை."

"கேட்டுச்சா?"

"முதல் நாளே கேட்டுச்சு மேடம்!"

சீனிவாசன் இருமினார்.

"நல்ல சாமான்தான். அம்சவேணி சேலைய இருபதாம் தேதி அறுத்தான்னு மாத்திப் போட முடியுமா?"

"ஒத்துக்காது மேடம். அன்னிக்கு அந்தத் தறியில வேற சேலை நெய்ஞ்ச கணக்கு இருக்கு. மோதுற பதிவை எடுத்துக்கவே எடுத்துக்காது. அதான் புது ஃபீச்சர்."

"இருபத்திரண்டு?"

"அதுவும் மோதும்."

"அப்ப இருபத்தொண்ணு மட்டும் மோதல. சரி, அந்த ஒரு நாளுக்கு சங்கத்துல இருக்கிற எல்லாத் தறியையும் காட்டு, பாப்போம்."

குரு தட்டினான். நூற்றுப்பத்து தறிகளும் திரையில் வரிசையாக வந்து நின்றன. எதிலும் ஒரு பதிவு இல்லை. நாற்பத்தேழாம் நம்பரில் மட்டும் ஒரு சிவப்புப் புள்ளி.

"ஏன்பா, மத்ததெல்லாம் காலியா இருக்குது?"

"டேட்டா மிஸ்ஸிங் மேடம். அடுத்த அப்டேட்ல சரி பண்ணிடுவோம்."

"மிஸ்ஸிங் இல்லப்பா, அமாவாசை" என்றாள் மஹாலட்சுமி. "அமாவாசையில எவன்பா தறியில குந்துவான்? ஊருக்கே தெரியும்."

ஊரில் இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒருவன் சென்னைக்காரன். மற்றவர் மூன்று வருடமாக நெசவாளர் சங்கத்தின் செயலாளர்.

சீனிவாசன் எழுந்து நின்றார். "திருடறவளுக்கு அமாவாசை என்ன, பௌர்ணமி என்ன? யாரும் பாக்காத நாளாப் பாத்து அறுத்திருக்கலாம்ல?"

"அறுக்கறதுக்குப் பழைய பாவு தறியில இருக்கணுமே" என்றார் ரேணுகாம்பாள், குரலை உயர்த்தாமல். "பன்னண்டாம் தேதி புதுப் பாவு கொடுத்ததா உங்க பதிவே சொல்லுது. பதிமூணுலேர்ந்து அதுலதான் நெய்யறா. ஒரு தறியில ரெண்டு பாவு ஏறாது. மஹாலட்சுமி, மூணாவது சேலை உள்ள வராம அடுத்த பாவு கொடுப்பீங்களா?"

"சாமியே வந்து கேட்டாலும் கொடுக்க மாட்டோம். அன்னிக்கு சார்தான், 'சேலை வந்துடுச்சு, என்கிட்ட இருக்குது, பாவைக் கொடு'ன்னாரு."

ரேணுகாம்பாள் மஹாலட்சுமி பக்கம் திரும்பினார்.

"பழைய பாவுல வந்த மத்த ரெண்டு சேலையையும் கொண்டாம்மா."

மஹாலட்சுமி கொண்டுவந்து மேசைமேல் விரித்தாள். அரக்கு உடல், மாம்பழ மஞ்சள் கரை. முந்தானையில் வரிசையாக அன்னங்கள். ஒவ்வொன்றும் ஒற்றைக்காலில் நின்றது. ரேணுகாம்பாள் பக்கத்தில் சிவராஜின் அச்சுப்படத்தை வைத்தார். அதே அரக்கு, அதே மஞ்சள், அதே ஒற்றைக்கால். படத்தின் ஓரத்தில், சேலையைப் பிடித்திருக்கும் செயலாளரின் மோதிர விரல்.

"மூணாவது சேலை எங்கேன்னு உங்க சர்வசாட்சி கேட்டுச்சு. சர்வசாட்சியோட திறப்பு விழாவுலயே அதைப் போர்த்தி அனுப்பிட்டீங்க. வாசல்ல பன்னண்டு அடிக்குத் தொங்குது."

சிவராஜுக்குக் காது சுட்டது. அந்தக் கால்களைத் திரையில் பெரிதாக்கி, நிறம் திருத்தி, மூன்று மணி நேரம் பார்த்தவர் அவர்தான். மருவைத்தான் பார்த்திருந்தார்.

"சார்தான் ஏதாவது ஒரு தேதியைப் போட்டு முடின்னாரு மேடம்" என்றான் குரு, மடிக்கணினியை மெல்ல மூடியபடி. "எந்தத் தேதி போட்டாலும் சாஃப்ட்வேர் ஒத்துக்கல. இருபத்தொண்ணு மட்டும்தான் எடுத்துக்குச்சு."

"அது தனிப்பட்ட பரிசு அல்ல, சங்கத்தின் கௌரவம்" என்று மேடைத் தமிழில் ஆரம்பித்தார் சீனிவாசன்.

அம்சவேணி சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. "நாலு தபா எழுதிக் கொடுத்தேன் சார், அட்டைய மாத்துங்கன்னு. நீங்க ஒழுங்கா மாத்தியிருந்தீங்கன்னா இன்னிக்கு நான் திருடிதான்."

நீதி வென்றது. அது வென்ற விதத்தையும் சொல்லிவிட வேண்டும். நோட்டீஸ் வாபஸ் பெறப்பட்டது. நடந்தது 'தொழில்நுட்பப் பிழை' என்று தீர்மானத்தில் எழுதப்பட்டு, அதில் செயலாளரே கையெழுத்துப் போட்டார். காணாமல் போன சேலையை மென்பொருளே கண்டுபிடித்ததாகப் பத்திரிகையில் செய்தி வந்தது; குருவுக்குப் பதவி உயர்வு. வாசலில் புதுப் பேனர் கட்டினார்கள். அதே படம்தான்; அன்னங்களுக்கு மட்டும் இரண்டு கால். இரண்டாவது காலை ஒட்டியவர் சிவராஜ். ஆர்டர் வந்தது, செய்து கொடுத்தார். அன்றைக்கு ரேணுகாம்பாள் பேப்பரைப் பாதியில் மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஒரு சங்கடம் மட்டும் மீதி இருந்தது. ஒரு முறை ஏறிய பதிவை யாரும் அழிக்க முடியாது என்பதும் நான்காம் பதிப்பின் சிறப்புகளில் ஒன்று. நாற்பத்தேழாம் தறியின் சிவப்புப் புள்ளி அப்படியே இருக்கிறது. சிவப்பாக இருக்கும் தறிக்குச் சர்வசாட்சி பாவு ஒதுக்காது. ஐந்தாம் பதிப்பில் பார்க்கலாம் என்று குரு போனில் சொன்னான்.

அம்சவேணி தறியிலிருந்த பாவை நெய்து முடித்து மூன்று சேலையையும் கொடுத்துவிட்டாள். அடுத்த பாவு வரவில்லை.