பேசுகையேட்டின் உரிமம்

குழு அலுவலகத்துக்கு வந்திருந்தவர்கள்: செயலாளர் பர்வீன், நிரல் எழுதும் கோமதிநாயகம், கையெழுத்துப் போடவேண்டிய சவரிமுத்து. கூடவே, இறந்து ஏழு மாதமான அவர் மனைவி அமலோற்பவம், மேசைமேல் பேசுகையேடாக.

வீட்டிலேயே ரத்தம் சுத்திகரிக்கும் குருதிவடி இயந்திரத்துக்கு மென்பொருள் எழுதியது பாளையங்கோட்டைக் குழு. விளக்கம் எழுதியவள் அமலோற்பவம். பக்கம் புரட்டிய காலம் போய்விட்டது. எழுதியவர் குரலில், எழுதியவர் குணத்தோடு கையேடே பதில் சொல்லும்.

நிரலுக்குத் திறந்த உரிமம் போட்ட குழு, விளக்கத்துக்கும் அதுவே செல்லும் என்று பதினொரு வருடம் சும்மா இருந்துவிட்டது. செல்லாது. அவள் செத்ததும் கையேடு முழுக்கச் சவரிமுத்துவின் சொத்து. அவர் சம்மதமில்லாமல் ஓர் எழுத்தைத் தொட முடியாது.

"புது வடிகட்டிக்குக் கையேடு பழைய அழுத்தத்தைச் சொல்லுது அண்ணாச்சி. சங்கரன்கோவில்ல ஒருத்தர் ஆஸ்பத்திரியில கிடக்காரு," என்றாள் பர்வீன்.

"மாத்தக் கூடாதுன்னும் ஒரு உரிமம் இருக்காமே," என்றார் சவரிமுத்து.

"இருக்கு. அதைப் போட்டா தப்பும் மாறாது."

சவரிமுத்து மேசையைப் பார்த்துக் கேட்டார். "ரத்தக் குழாய்க் கிளிப்பை மூடாம விட்டா என்ன ஆகும்?"

"எங்க வீட்டு மனுஷர் விட்டாரு. தரையெல்லாம் ரத்தம். துடைச்சது யாரு? நான். நீங்களாவது மூடித் தொலைங்க."

கோமதிநாயகம் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். அந்தக் கையேட்டில் எல்லாத் தப்புக்கும் சவரிமுத்துதான் உதாரணம்.

அவர் திறந்த உரிமத்தில் கையெழுத்திட்டார். யாரும் நகலெடுக்கலாம், திருத்தலாம். எழுதியவள் பெயரை மட்டும் நீக்கக் கூடாது.

அழுத்தம் அன்றே சரியானது. ஆபத்தென்று பழைய பிரதிகளையெல்லாம் அழித்தார்கள். சங்கரன்கோவில்காரர் பிழைத்தார். முகம் தெரியாத முந்நூறு பேர் திருத்தினார்கள். நல்ல திருத்தங்கள்தான்.

மூன்று வாரம் கழித்துச் சவரிமுத்து வந்து அதே கேள்வியைக் கேட்டார்.

"சில பயனர்கள் கிளிப்பை மூட மறக்கிறார்கள். ரத்தக் கசிவு ஏற்படலாம்." குரல் அவளுடையதுதான்.

"உன் வீட்டுக்காரர்?"

"அந்தத் தகவல் இந்தக் கையேட்டில் இல்லை."

பர்வீன் திருத்தப் பட்டியலில் அவசரமாகத் தேடினாள். "யாரோ தேவையில்லாத சொந்த விஷயம்னு எடுத்திருக்காங்க. உரிமப்படி செய்யலாம். அக்கா பேரு எல்லாப் பிரதியிலயும் இருக்கு, அண்ணாச்சி. வேணும்னா நீங்களே திரும்பச் சேர்க்கலாம்."

"நான் எழுதிக் கொடுத்து அவ என்னைத் திட்டணுமாக்கும்?"

மேசைமேல் அவள் குரல் எங்கோ ஒரு பயனருக்கு அதே படியை நான்காம் முறையாகப் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தது. உயிரோடிருந்தவளுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

சவரிமுத்து செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். அலுவலகத்தில் சாப்பாட்டு நேரம். கோமதிநாயகம் கதவைச் சாத்தி உட்புறம் தாழிட்டான்.