சூடா இருக்கு டீச்சர்

குத்தாலத்திலிருந்து வந்த டவுன் பஸ் வானதியை வாய்க்கால் பாலத்தருகே இறக்கிவிட்டுப் போனபோது மழை தூறிக்கொண்டிருந்தது. சம்பா நட்ட வயல்களுக்கு நடுவே, பாசி படிந்த சுவரோடு நின்றது பள்ளிக்கூடம். தஞ்சாவூரில் பிறந்து வளர்ந்தவள், மாறுதலில் இங்கே வந்திருந்தாள். தலைமை ஆசிரியர் துரைராசு குடையோடு எதிரே வந்தார்.

"நல்ல பிள்ளைங்க டீச்சர். முன்னெல்லாம் சாப்பாட்டு நேரத்துல பாதிப் பிள்ளைங்க வீட்டுக்கு ஓடிடும். இப்ப எல்லாம் ஒண்ணா உக்காந்து சாப்பிடுது."

"ஏன் சார் ஓடுவாங்க?"

"அப்ப சமையலுக்கு வேற ஆளு" என்றவர், சாக்பீஸ் டப்பா எங்கே இருக்கிறது என்று காட்டத் தொடங்கிவிட்டார்.

ஐப்பசி முழுக்க அவள் பிள்ளைகளோடு பழகிக்கொண்டாள். யார் சேற்றுக்காலோடு ஓடி வருவார்கள், யார் பென்சிலைக் கடித்துத் துப்புவார்கள், பொய் சொல்லும்போது யாருக்குக் காது சிவக்கும் என்பதெல்லாம் தெரிந்துவிட்டது. துரைராசு மட்டும் பிடிபடவில்லை. கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் சமையல்கூடத்தை ஒட்டிய சிமெண்ட் பாதையை விட்டுவிட்டு, சேற்றில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போவார்.

ஒரு நாள் காலையிலேயே மழை வலுத்தது. சமையல்காரம்மா வரவில்லை. மதியம் முதல் விடுமுறை என்று தகவல் வந்ததும் துரைராசு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பாலம் வரை போனார். வானதி வகுப்பறையில் தனியாக இருந்தாள். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் சாப்பாட்டுப் பையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். பசி வயிற்றைக் கிள்ளியது.

வானம் கறுத்து, நடுப்பகலிலேயே அறைக்குள் இருட்டு இறங்கியது. ஓட்டிலிருந்து நீர் கொட்டும் சத்தம் தவிர வேறு சத்தமில்லை.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. வடித்த சோறும் கொதிக்கிற சாம்பாரும்.

சமையல்கூடத்தின் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு பெண் குனிந்து தவலையைக் கிளறிக்கொண்டிருந்தாள். புடவை தொப்பலாக நனைந்திருந்தது. மழையில் வந்திருப்பாள் என்று வானதி நினைத்தாள்.

"வாங்க டீச்சர்." அவள் திரும்பாமலே ஒரு தட்டை எடுத்துச் சோறு வைத்தாள். "சாப்பிடுங்க. சூடா இருக்கு."

"நீங்க புதுசா? எந்தத் தெரு?"

கேட்ட பிறகுதான், இப்படியொரு கேள்வி தன் வாயில் தயாராக இருந்தது வானதிக்கே தெரிந்தது.

"கீழத்தெரு டீச்சர்."

தட்டு நீண்டபடியே இருந்தது.

"இல்லம்மா… நான் வீட்லேருந்தே கொண்டாந்திருக்கேன்."

கரண்டி நின்றது.

"நீங்களுமா டீச்சர்?"

அந்தப் பெண் மெல்லத் திரும்பினாள். முகம் வெளுத்து ஊறியிருந்தது. இமைகளில் வண்டல் ஒட்டியிருந்தது. சோற்றிலிருந்து எழுந்த ஆவி வானதியின் கையில் பட்டது.

சில்லென்று இருந்தது.

புடவை நுனியிலிருந்து வடிந்த நீர் தரையில் பரவியது. நிற்கவில்லை. பருக்கைகளைச் சுமந்துகொண்டு வாசற்படியைத் தாண்டி வானதியின் பாதங்களை நனைத்தது. வாய்க்கால் சேற்றின் நாற்றம் மூக்கில் ஏறியது.

வானதி ஓடினாள்.

துரைராசு திரும்பி வந்தபோது அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றிருந்தாள். அவர் சமையல்கூடத்தைப் பார்த்தார். கதவில் பூட்டு தொங்கியது. சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது.

யாரைப் பார்த்தாள் என்று அவர் கேட்கவில்லை.

"சாப்பிடச் சொன்னாங்களா?" என்று கிசுகிசுத்தார். "நீங்க என்ன சொன்னீங்க?"

அவள் சொன்னாள். அவர் ஈரத் திண்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நானும் தெனம் அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தேன் டீச்சர்."

கீழத்தெருக் காளியம்மாள் சமையலுக்கு வந்ததும், அவள் சாதியைச் சொல்லி ஊர்த்தெருக்காரர்கள் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. போன வருஷம் இதே மழையில் ஒரு நாள், ஊரில் ஏதோ பேச்சுக் கிளம்பி, ஒரு பிள்ளைகூடத் தட்டெடுக்கவில்லை. அவள் தவலைச் சோற்றை அப்படியே தூக்கிக்கொண்டு வாய்க்காலில் கொட்டப் போனாள். மதகில் கிடைத்தாள். வழுக்கி விழுந்தாளா, இறங்கிவிட்டாளா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. துரைராசு அன்று அறையில் உட்கார்ந்து தன் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்.

அந்த வாரம் முழுக்க வானதிக்குச் சோறு இறங்கவில்லை. பயம் மூன்றாம் நாளே குறைந்துவிட்டது. மற்றது குறையவில்லை. பயத்தில் சொன்ன பொய்யாக இருந்திருந்தால் பரவாயில்லை. அவள் பயப்படுவதற்கு முன்பே சொல்லிவிட்ட பொய் அது.

ஞாயிற்றுக்கிழமை கீழத்தெருவுக்குப் போனாள். காளியம்மாளின் மகள் செம்மொழி மயிலாடுதுறையில் நர்ஸாக இருந்தாள். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் நாற்காலி எடுத்துப் போட்டாள். வானதி எதையும் மறைக்காமல் சொன்னாள். தெருவைக் கேட்டதையும் சொன்னாள்.

செம்மொழி வாளியிலிருந்து ஒரு துணியை எடுத்தாள்.

"அம்மா நனைஞ்சா இருந்தாங்க?"

"ஆமா."

"எங்களுக்கு ஒரு தடவகூட முகம் காட்டலையே." கையிலிருந்த ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். அதில் பிழிய ஒன்றும் மிச்சமில்லை.

வானதி தயங்கித் தயங்கி, "உங்க வீட்ல ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போறேங்க" என்றாள்.

"வேணாங்க டீச்சர்." குரலில் கோபமே இல்லை. "உங்க மனசு ஆறுறதுக்கு நான் எதுக்குச் சோறு போடணும்?"

வானதி தலையைக் குனிந்துகொண்டு எழுந்து வந்தாள்.

மறுநாள் மதியம் அவள் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு பிள்ளைகளின் பந்திக்குப் போனாள். கடைசியில், ஒன்றாம் வகுப்புக் குந்தவை சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஓரிடம் காலியாக இருந்தது. அந்தப் பிள்ளை முட்டையைப் பிட்டு, பாதியை அந்தக் காலி இடத்தை நோக்கி நீட்டிக்கொண்டு ஏதோ சொல்லிச் சிரித்தது. வானதி இன்னும் நெருங்கியபோது பிள்ளையின் கை வெறுமையாக இருந்தது. கீழே எதுவும் விழவில்லை.

வானதி தட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஆனாலும் உட்கார்ந்தாள்.

குந்தவையின் சிரிப்பு அடங்கிப்போனது. பிள்ளை வாசல் பக்கம் பார்த்துவிட்டு வானதியிடம் திரும்பியது.

"ஏன் டீச்சர் இங்க வந்தீங்க? ஆயா பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சுப் போயிட்டாங்க."

வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. காய்ந்த சிமெண்ட் தரையில், பந்தியிலிருந்து வாசலுக்கு, ஈரக் காலடிகள் ஒவ்வொன்றாகப் பதிந்துகொண்டே போயின.