பதில் வரும்வரை

போனில் அம்மா தும்மினாள். தோட்டத்து வேலிக்கு அப்பால், காடு தொடங்கும் இடத்திலிருந்து, இன்னொரு தும்மல் வந்தது.

அம்மாவின் தும்மல் பாத்திரம் உருளுவதுபோல் தொடங்கி, "அம்மாடியோ" என்ற பெருமூச்சில் முடியும். காட்டிலிருந்து வந்த தும்மலும் அம்மாடியோவில்தான் முடிந்தது.

"யாருடி கழுதை அது, என்னை மாதிரியே தும்முறது?"

"ஏதோ பறவைம்மா. கேக்குறத அப்படியே திருப்பிச் சொல்லும்."

"நல்லா இருக்கு போ. என் மானம் கடல் தாண்டிப் போயிடுச்சு."

அம்மாவைச் சமாளிக்கத்தான் மகள் அப்படிச் சொன்னாள். அந்தக் காட்டில் அப்படியொரு பறவை கிடையாது. பயிற்சிக்கு வந்த முதல் வாரமே அங்கு அறியப்பட்ட எல்லாப் பறவைகளின் குரலையும் அவள் கேட்டுப் பழகியிருந்தாள்.

கல்லூரியிலிருந்து கடல் கடந்து அந்த ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்தும் காட்டுச் சுற்றுலா அது. பயணிகள் ஊர் வீடுகளில் தங்குவார்கள். ஊர்க்காரர் ஒருவர் காட்டுக்குள் அழைத்துப் போவார். அவள் தங்கியிருந்த பலகை வீடு ஒரு வழிகாட்டியுடையது. பாட்டன் காலத்தில் பிழைக்க வந்து அங்கேயே ஊன்றிவிட்ட தமிழ்க் குடும்பம். அவரை அண்ணன் என்றும் அவர் மனைவியை அண்ணி என்றும் கூப்பிட்டாள்.

அம்மா ஊரில் தனியாக இருந்தாள். தினமும் சாயங்காலம் போன் வரும். ஒரு தடவை இவள் எடுக்காமல் விட்டதில் அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு ஏறி, பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக வேண்டியதாயிற்று. அதன் பிறகு இவள் ஒருநாளும் தவறவிட்டதில்லை. போன் ஓடையில் விழுந்ததிலிருந்து அதில் ஸ்பீக்கர் மட்டும்தான் வேலை செய்தது. சிக்னலும் ஜன்னல் விளிம்பில்தான் கிடைக்கும். தாயும் மகளும் பேசுவதைத் தோட்டம் முழுக்கக் கேட்டது.

"தேடிப் போனா நாள் பூரா நடக்கணும். கூப்பிட்டா அதுவே வரும்" என்பார் அண்ணன். இடுப்பில் சின்ன ஸ்பீக்கர் தொங்கும். பறவையின் குரலை ஒருமுறை போடு. காத்திரு. வரவில்லையென்றால் இன்னொரு முறை போடு. பதில் சொல்லிவிட்டால் இடம் தெரிந்துவிடும். "சொந்தக்காரன் கூப்பிடுறான்னு நம்பி வரும் பாரு, கறிச்சோறுன்னதும் ஓடி வர்ற என் மச்சான் மாதிரி."

"எங்கண்ணனை இழுக்கலேன்னா இவருக்குச் சோறு இறங்காது" என்பாள் அண்ணி.

ஓடைக்கு மேலே, மூங்கில் புதருக்குள், அவள் ஒரு குரலைப் பதிவு செய்திருந்தாள். ஈரத்துணியை யாரோ மெல்லப் பிழிவதுபோல் இருந்தது. அண்ணனுக்கே அது என்னவென்று தெரியவில்லை. "விடும்மா. என்னன்னே தெரியாததைக் கூப்பிட்டு என்ன பண்ணப்போற?" என்றார். அவள் விடவில்லை. புதுப் பறவையாக இருந்தால் தன் பெயர் நிலைத்துவிடும் என்ற ஆசை. ஒவ்வொரு சாயங்காலமும் ஜன்னலிலிருந்து அந்தக் குரலைப் போட்டாள். முதலில் மலைச்சரிவிலிருந்து பதில் வந்தது. பிறகு ஓடையிலிருந்து. பிறகு வேலியிலிருந்து. அதன் பிறகு பதிலே வரவில்லை.

அதற்கு அடுத்த நாள்தான் தும்மல் கேட்டது.

இரண்டு நாள் கழித்து, புதுப் பயணிகளை அழைத்துவர அண்ணனும் அண்ணியும் படகுத்துறைக்குப் போயிருந்தார்கள். மதியத்திலிருந்தே மழை. தகரக் கூரையில் விழுந்த தண்ணீர் ஓசை அடங்கி, சொட்டுகள் மட்டும் வாழை இலைகளில் விட்டுவிட்டு விழ, ஊறிய மரத்தின் புளிப்பும் அணைந்த அடுப்பின் சாம்பல் வாசமும் அறைக்குள் தேங்கி நிற்க, போனை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு அவள் ஈரத்துணிகளைக் கொடியில் உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். தவளைகள் கத்திக்கொண்டே இருந்தன. திடீரென்று எல்லாம் ஒன்றாக அடங்கின.

"கழுதை, சாப்டியா?"

திரும்பிப் போனைப் பார்த்தாள். திரை இருண்டிருந்தது.

குரல் வேலிப்பக்கமிருந்து வந்திருந்தது. அம்மாவின் குரல்தான். போன் ஸ்பீக்கரின் கரகரப்புகூட அதில் அப்படியே இருந்தது.

வாய் தானாகத் திறந்தது. "சாப்டேன்" என்று சொல்லப்போன நாக்கைப் பல்லால் கடித்தாள்.

வெளியே அமைதி. அது காத்திருந்தது.

"கழுதை, சாப்டியா?"

இந்தமுறை சமையல்கட்டுப் பக்கம்.

அந்த இடைவெளி அவளுக்குத் தெரியும். தினமும் அவளே விட்ட இடைவெளி. ஒருமுறை போடு. காத்திரு. விளக்கை அணைத்தாள். ஜன்னலுக்கு எதிர்மூலையில், அரிசி மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பேசாதவரை அதற்கு இடம் தெரியாது. பலகைகளின் மறுபுறம் ஏதோ உரசிக்கொண்டு நகர்ந்தது. ஈரத்துணி பிழியும் ஓசை. நின்றது. மறுபடி உரசல்.

அப்போது போன் அடித்தது.

ஜன்னல் விளிம்பில் வெளிச்சம் துடித்தது. அம்மா. உண்மையான அம்மா. எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். மறுபடியும் அந்தக் கதவை உடைக்க யாராவது சரியான நேரத்துக்கு வருவார்கள் என்று என்ன நிச்சயம்? தரையோடு தரையாகத் தவழ்ந்து போனாள். கை நீட்டி எடுத்தாள்.

"கழுதை, சாப்டியா?"

போனில் அம்மாதான். வாயைப் பொத்திக்கொண்டாள். ஜன்னலில் அடித்திருந்த கொசுவலைக்கு வெளியே, கைக்கெட்டும் தூரத்தில், ஏதோ மூச்சு விட்டது.

"ஹலோ? என்னடி சத்தமே இல்ல? ஹலோ? எனக்குப் படபடன்னு வருதுடி."

"சாப்டேன்மா."

அவள் பேசவில்லை. குரல் அவளுடையது. ஜன்னலுக்கு வெளியிலிருந்து வந்தது.

"அப்பாடா. ஒரு நிமிஷம் உயிரே போயிடுச்சு. மழையா அங்க?"

"ஆமாம்மா."

"சளி பிடிச்சிருக்கா? குரல் ஒரு மாதிரி இருக்கு."

"ஒண்ணுமில்லம்மா."

எல்லாம் அவள் என்றோ சொன்னவை. அதே சலிப்பு. அதே இழுப்பு.

"எப்பத்தான்டி வருவ? வீடே வெறிச்சுன்னு கெடக்கு."

"வந்துடுவேன்மா. சீக்கிரமே வந்துடுவேன்."

"வா வா. கதவைத் திறந்தே வச்சிருக்கேன்."

அவளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"அம்மா! அது நான் இல்ல! அம்மா, நான் இங்க இருக்கேன்!"

கத்தியபிறகுதான் புரிந்தது. பதில் சொல்லிவிட்டாள்.

போனில் அம்மா கேட்டாள்.

"யாருடி அது, உன்னை மாதிரியே கத்துறது?"

"ஏதோ பறவைம்மா" என்றது வெளியே இருந்த அவள் குரல். "கேக்குறத அப்படியே திருப்பிச் சொல்லும்."

அம்மா சிரித்தாள். நிம்மதியாக, வெகுநேரம் சிரித்தாள்.

கொசுவலை மெல்ல உள்பக்கம் உப்பியது.